இரண்டு கம்ப்ரஸர்களும் ஓடுகின்றன

மூன்றாம் குளிர் அறையின் சாவியைக் குளிரக்கா பதினேழு வருடம் இடுப்பில் செருகி வைத்திருந்தார். அதைப் பிடுங்க நிர்வாகம் ஒரே ஒரு முறைதான் முயன்றது. திருட்டுக்காக இல்லை, வேலை நேரத்தில் தூங்கியதற்காகவும் இல்லை. ஆங்கிலத்தில் எஸ் என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அதை அவர் வினைச்சொல்லின் பின்னால் ஒட்டாமல் விட்டதற்காக.

நாங்கள் வேலை பார்த்தது மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் ஒரு கிடங்கு. நான்கு அறைகள். இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கம்ப்ரஸர்கள் உண்டு. அவைதான் குளிரை உண்டாக்கும் இயந்திரங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காவலர் உள்ளே போய் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எண்ணை எழுதி, பக்கத்தில் உள்ள குறிப்புக் கட்டத்தில் அறையின் நிலையை வாக்கியமாக எழுத வேண்டும். மூன்றாம் அறையில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை குளிரக்கா. இரண்டிலிருந்து பத்து வரை ஒரு பட்டதாரி. தடித்த கண்ணாடி போட்டதால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். பத்திலிருந்து விடியும் வரை இன்னொருவர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் அவரை மாப்பிள்ளை என்பார்கள். எழுதி முடிந்த பக்கங்கள் வாரா வாரம் பதிவேட்டு அறைக்கு வந்து தைக்கப்படும். அந்த அறை முப்பத்தோரு வருடம் என் பொறுப்பில் இருந்தது. கீழே வரும் தேதி, நேரம் எல்லாம் அந்தப் பக்கங்களைப் பார்த்துக் குறித்தவை.

குளிரக்காவின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டரோடு திரிவார். உள் ஸ்வெட்டருக்குப் பொத்தான் முன்னால் இருக்கும். வெளி ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொள்வதால் அதன் பொத்தான் முதுகில் இருக்கும். நெஞ்சில் காற்று நுழையக் கூடாது, முதுகு தாங்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பெட்டி தூக்கும் ஆளாக இருபத்தெட்டு வயதில் சேர்ந்தார். ஒருநாள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தவர், உள்ளே மூன்று விசிறிகளில் ஒன்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்று மூடிய கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அந்த மாதமே சாவி அவர் கைக்கு வந்தது.

அவர் வேலை செய்யும் முறையில் ஒரு வரிசை உண்டு. உள்ளே போனதும் கதவின் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு விசிறிகளுக்குக் கீழே நின்று கேட்பார். பிறகு வெளியே வந்து, பின்பக்கம் போய், ஒவ்வொரு கம்ப்ரஸரின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவார். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பார். "கை முதல்ல, பேனா அப்புறம்" என்பார். கை வைக்காததைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதி நான் பார்த்ததில்லை.

குறிப்புக் கட்டம் முதலில் தமிழில் இருந்தது. அந்த வருடம் மார்ச் முதல் தேதியிலிருந்து ஆங்கிலமாயிற்று. மருந்துக் கம்பெனிகளின் தணிக்கையாளர்கள் வெளியிலிருந்து வருகிறவர்கள், அவர்களுக்குப் புரிய வேண்டும் என்றார்கள். குளிரக்கா முணுமுணுக்கவில்லை. தெரிந்த வார்த்தைகளை வைத்து எழுத ஆரம்பித்தார். 'கம்ப்ரஸர் ரன். ஃபேன் ஒர்க். டோர் நாட் க்ளோஸ்.' கம்ப்ரஸர் ஓடுகிறது, விசிறி வேலை செய்கிறது, கதவு சரியாக மூடவில்லை. மூன்று மாதம் இது எல்லோருக்கும் புரிந்தது. கதவு மூடவில்லை என்று அவர் எழுதிய அன்று தச்சர் வந்து கதவைச் சரிசெய்தார். எஸ் இல்லையே என்று தச்சர் கேட்கவில்லை.

ஜூன் மூன்றாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து தரக் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் வந்தார். நன்றாகப் படித்தவர், நேரம் தவறாதவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லா அறைகளின் பக்கங்களையும் வாங்கி, சரியான வரிக்கு ஒரு டிக், பிழையான சொல்லுக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டு, வட்டத்துக்கு மேலே சரியான சொல்லை எழுதி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் இடுவார். வந்த நாலாவது நாளே அவருக்குச் சிவப்பு மை என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் கொண்டுவந்த விதி இது: ஒரு வாரத்தில் மூன்று வட்டம் விழுந்தால் ஒரு மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் பதிவேடு எழுதும் வேலை பறிபோகும். குளிரக்காவைப் பொறுத்தவரை அதற்கு ஒரே அர்த்தம். சாவியைக் கொடுத்துவிட்டு நாற்பத்தைந்து வயதில் மறுபடி பெட்டி தூக்கும் மேடைக்குப் போக வேண்டும்.

முதல் மெமோ ஜூன் பதினேழில் வந்தது. சிவப்பு மை பக்கத்தை நீட்டிக் காட்டி, "ஏம்மா, கம்ப்ரஸர் ரன்னுன்னு எழுதியிருக்கீங்க. இது ஒரு வாக்கியமா?" என்று கேட்டார்.

"கம்ப்ரஸர் ஓடுதுன்னு தெரியுதில்ல, சார்?"

"தெரியறது வேற. சரியா இருக்கறது வேற. ஒண்ணு ஓடினா ரன்ஸ். பல ஓடினா ரன். நிகழ்காலத்துல இதுதான் அரிச்சுவடி."

குளிரக்கா மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் பதிவேட்டு அறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது, குளிரால் இல்லை. "ஐயா, நம்ம பாஷைல வரேன், வர்ற, வரான், வரா, வருது, வராங்கன்னு ஆளாளுக்கு ஒரு வால் வச்சிருக்கோம். பொறந்ததுலேருந்து ஒரு வாலைக்கூட நான் மாத்தி ஒட்டினதில்ல. இவங்க மொத்தமா வச்சிருக்கறதே ஒரே ஒரு எஸ்ஸு. இதுக்கா இத்தனை மை?" என்றார். அது நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் விதி அவர் பக்கம் இல்லை.

எல்லோருக்கும் வட்டம் விழுந்துகொண்டிருந்ததால், ஜூன் இருபத்தொன்றில் சிவப்பு மை ஒரு மாதிரித் தாள் அச்சடித்துக் கொடுத்தார். அதில் நான்கு வாக்கியங்கள் இருந்தன. இரண்டு கம்ப்ரஸர்களும் ஓடுகின்றன. விசிறிகள் வேலை செய்கின்றன. கதவு நன்றாக மூடுகிறது. வெப்பநிலை இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்கிறது. எல்லாம் நல்ல ஆங்கிலத்தில், எஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, இருக்கக் கூடாத இடத்தில் இல்லை. இதைப் பார்த்து அப்படியே எழுதினால் வட்டமே விழாது என்றார். உதவி செய்யத்தான் கொடுத்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்ணாடியும் மாப்பிள்ளையும் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் பக்கங்களில் வரிக்கு வரி டிக். குளிரக்கா தாளை வாங்கி மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்தார், எடுக்கவே இல்லை. 'இரண்டு விசிறி ஓடுகிறது, மூன்றாவது சத்தம் போடுகிறது' என்பதற்கு அந்தத் தாளில் வாக்கியம் இல்லையே. தன் ஆங்கிலத்திலேயே எழுதினார். ஜூலை ஒன்றாம் தேதி இரண்டாவது மெமோ வந்தது.

வீட்டில் அவருடைய வீட்டுக்காரர், பஸ் ஓட்டுபவர், சாந்தமான மனிதர். இரண்டு மெமோவையும் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் தாளைக் காப்பி அடித்துவிட்டுப் போ என்று சொன்னாராம். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள் என்றும் கேட்டாராம்.

"ஊரோட ஒத்து வாழலாம். தெர்மாமீட்டர் யாரோட ஒத்து வாழும்?" என்று குளிரக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார். அதற்கு மேல் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸிலும் அவர் வீண் ஹாரன் அடிப்பவர் இல்லை.

ஆனால் குளிரக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தாளைக் காப்பி அடிக்கப் போவதில்லை. தப்பாகவும் எழுதப் போவதில்லை. அந்த எஸ் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று தானே கண்டுபிடிப்பது என்று இறங்கினார். அதற்கு அவர் எந்த வாத்தியாரிடமும் போகவில்லை. அவருடைய அறையிலேயே ஆயிரக்கணக்கான பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலம். கிழிந்து கழித்த அட்டைகளை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பக்கத்து வீட்டில் அவருடைய தங்கை குடியிருந்தார். பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி கட்டிக் கொடுக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவும் தங்கையும் அடுப்படி மேடையில் இரண்டு அட்டைகளை விரித்து வைத்தார்கள். ஒன்றில் 'திஸ் வயல் கன்டைன்ஸ்' என்றிருந்தது: இந்தக் குப்பியில் இருக்கிறது. இன்னொன்றில் 'தீஸ் வயல்ஸ் கன்டைன்': இந்தக் குப்பிகளில் இருக்கிறது. வெகுநேரம் பார்த்த பிறகு தங்கை, "எஸ் ஒண்ணுதான்க்கா. இங்கேருந்து எந்திரிச்சு அங்க போய் உக்காந்திருக்கு" என்றார்.

குளிரக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "நம்ம குடைடி."

சின்ன வயதில் அந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே குடை. ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் மற்றவள் வெறுங்கையோடு போக வேண்டும். இரண்டு பேர் தலைக்கு மேலும் ஒரே நேரத்தில் குடை இருந்ததே இல்லை. குப்பி பலவாக இருந்தால் குடை குப்பியிடம். குப்பி ஒன்றே ஒன்றென்றால் குடை வினையிடம். 'டோர் க்ளோஸஸ்.' 'டோர்ஸ் க்ளோஸ்.'

"அப்ப ஐயும் யூவும்?" என்று தங்கை கேட்டார். அட்டைகளில் அவையும் இருந்தன. இரண்டின் வினையிலும் எஸ் இல்லை.

"அதுங்க நம்மள மாதிரி. நனைஞ்சே பழகினதுங்க."

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க அவர் அறையே வினைச்சொற்களாக ஏறியது. வாட்டர் லீக்ஸ், தண்ணீர் ஒழுகுகிறது. ஃபேன்ஸ் ஒர்க், விசிறிகள் வேலை செய்கின்றன. கோ என்பது கோஸ். ஹேவ் மட்டும் குடையை வாங்குவதற்கு முன் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஹாஸ் ஆகிவிடும். இஸ், ஆர் இரண்டும் எந்தக் குடைக்கும் கட்டுப்படாத வீட்டு மாப்பிள்ளைகள் என்று தனித் தாளில் எழுதி வைத்தார். இதையெல்லாம் அவர் பின்னால் எனக்குச் சொன்னார். காலண்டர் தாள்களையும் காட்டினார். ஜூலை ஐந்திலிருந்து பதின்மூன்று வரை ஒன்பது நாள் அவர் பக்கங்களில் ஒரு வட்டம்கூட இல்லை. அத்தனையும் அவருடைய சொந்த வாக்கியங்கள்.

ஜூலை பதினான்கு காலை ஒன்பது இருபதுக்கு மூன்றாம் அறையின் இரண்டாவது கம்ப்ரஸர் நின்றது. மெக்கானிக் வந்து கழற்றி, வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பின்பக்கம் நான்கு போல்ட்டும் எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். பத்து மணிக்குக் குளிரக்கா எழுதினார்: 'ஒன் கம்ப்ரஸர் ரன்ஸ். அதர் கம்ப்ரஸர் டூ நாட் ரன்.' ஒன்று ஓடுகிறது, மற்றது ஓடவில்லை. முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில் டூ என்பது டஸ் என்று இருக்க வேண்டும். 'ஓடவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதும் அவசியம் அவருக்கு அந்த மாதத்தில் அதுவரை வந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கும், மறுநாள் ஆறு மணிக்கும், எட்டு மணிக்கும் அதையே எழுதினார்.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சிவப்பு மை நான்கு வட்டம் போட்டார். நான்குக்கும் மேலே டஸ் என்று எழுதினார். நான்குக்கும் பக்கத்தில் கையெழுத்து, தேதி.

குளிரக்கா பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டார். குடை துணைக்கு வந்த டூ கைக்குப் போய்விட்டது, அதனால் ரன் வெறுங்கை என்று அவருக்கே விளங்கிவிட்டது. பத்து மணியிலிருந்து சரியாக எழுதினார்: 'அதர் கம்ப்ரஸர் டஸ் நாட் ரன்.' அதற்கு டிக் விழுந்தது. அந்த நாட்களில் அவர் வார விடுமுறையும் எடுக்கவில்லை. ஒற்றைக் கம்ப்ரஸரோடு அறையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்றார். ஆனால் அந்த வாரக் கணக்கில் நான்கு வட்டம் ஏறியாயிற்று. மூன்றே போதும்.

ஜூலை பத்தொன்பது சாயங்காலம் சரக்குப் பிரிவு மூன்றாம் அறைக்கு அறுபத்திரண்டு பெட்டி அனுப்பியது. அவர்கள் வழக்கம், கடைசியாக எழுதின வரியைப் பார்ப்பது. கடைசி வரி 'இரண்டு கம்ப்ரஸர்களும் ஓடுகின்றன' என்று சொன்னது. பெட்டிகள் உள்ளே போயின. இருபதாம் தேதி காலை ஆறு மணிக்குக் குளிரக்கா கதவைத் திறந்தபோது வெப்பநிலை எட்டு புள்ளி மூன்று. அறை நிரம்பி, காற்று போக வழியில்லாமல் இருந்தது. எண்ணை எழுதிவிட்டு, டிராலியை இழுத்து வந்து, புதுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முதலாம் அறைக்கு மாற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றின் மேலும் நேரத்தைக் குறித்துத் தனியாக அடுக்கினார். மருந்து கெடவில்லை என்று பிறகு சோதனையில் தெரிந்தது. அன்று காலை அது யாருக்கும் தெரியாது.

ஒன்பது பதினைந்துக்கு, நாற்பதாவது பெட்டியின்போது, சிவப்பு மை மூன்றாவது மெமோவோடு தாழ்வாரத்தில் வந்து நின்றார். இருபத்து நான்காம் தேதி மேலாளர் அறையில் விசாரணை, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

குளிரக்கா பெட்டியை இறக்கவில்லை. "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, சார். இறக்கிட்டு வாங்கிக்கறேன்."

அவர் பிடித்தார். மெமோவைப் பல்லில் கவ்விக்கொண்டு பிடித்தார் என்று தாழ்வாரம் கூட்டுபவர் சொன்னது மிகை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பிடித்தார். ஆனால் ஏன் பெட்டி மாற்றுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அது உண்மை.

இருபத்து நான்காம் தேதி மத்தியானம் இரண்டு பத்துக்கு விசாரணை. குளிரக்காவின் ஷிப்ட் முடிந்திருந்தது. நான் பக்கங்களைச் சுமந்துகொண்டு போனேன். மேலாளர் அறையில் ஏசி ஓடியது; குளிரக்காவுக்கு மட்டும் அங்கே வியர்த்தது. மேலாளர் நல்லவர், அவசரக்காரர். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. பதிவேட்டு வேலையிலிருந்து விலகிப் பெட்டி மேடைக்குப் போகச் சம்மதம் என்று அதில் இருந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

குளிரக்கா சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார். மேசைமேல் வைக்கவில்லை, கைக்குள் மூடிக்கொண்டார். "வட்டத்தை எண்ணிட்டீங்க, சார். வட்டத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சிடுங்க. மூணாம் ரூம், பதினாலாம் தேதியிலேருந்து. எல்லா ஷிப்டும், வரிசையா, சத்தமா. அப்புறம் சாவியைத் தரேன்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படித்தார். பதினான்கு காலை: மற்ற கம்ப்ரஸர் ஓடவில்லை. பதினான்கு மத்தியானம்: இரண்டு கம்ப்ரஸர்களும் ஓடுகின்றன. இரவு: இரண்டும் ஓடுகின்றன. பதினைந்து காலை: ஓடவில்லை. மத்தியானம்: ஓடுகின்றன. பதினெட்டாம் தேதி வருவதற்குள் அவர் குரல் மெதுவாகிவிட்டது. பதிவேட்டின்படி அந்தக் கம்ப்ரஸர் தினமும் காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போய், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒழுங்காக வேலைக்குத் திரும்பியிருக்கிறது. மொத்தம் நூற்றிருபத்திரண்டு வரிகள். எண்பது வரிகளில் இரண்டும் ஓடின, எண்பதுக்கும் டிக். நாற்பத்திரண்டு வரிகளில் ஒன்று ஓடவில்லை. அவற்றில் நான்குக்கு வட்டம், முப்பத்தாறுக்கு டிக். அன்று பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் எழுதிய இரண்டு வரிகள் இன்னும் அதிகாரி பார்க்காதவை.

மேலாளர் மூன்றாம் அறையிலிருந்து கண்ணாடியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து நின்றார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டதும் மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுன்னு எழுதினா ரன்னுக்கு எஸ் சேர்க்கணும், சார். ஓடலைன்னு எழுதினா டூவா டஸ்ஸான்னு எனக்கு எப்பவும் தடுமாற்றம். அக்காவுக்கே அதுல நாலு வட்டம் விழுந்துச்சு, பார்த்தேன். தாள்ல இருக்கறதைத் தொட்டாத்தானே வம்பு. அது சரியான வாக்கியம், சார்."

"வாக்கியம் சரிப்பா. கம்ப்ரஸர் எங்க?"

"பட்டறையில, சார்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காயை நம்பி அறுபத்திரண்டு பெட்டி மருந்தை உள்ளே அனுப்பியிருந்தார்கள். மேலாளருக்கு அது அப்போதுதான் உறைத்தது. நான்கு நாளில் தணிக்கையாளர் வருகிறார் என்பதும் சேர்ந்து உறைத்திருக்க வேண்டும். சிவப்பு மையைத் திரும்பிப் பார்த்தார்.

சிவப்பு மை தடுமாறவில்லை. தன் வேலை மொழியைப் பார்ப்பது, இயந்திரத்தைப் பார்ப்பது பராமரிப்புப் பிரிவின் வேலை என்றார். காகிதப்படி அதுவும் சரிதான்.

குளிரக்கா அவரைப் பார்த்துத் திரும்பினார். குரல் உயரவில்லை. "சார், நாலு தடவை டஸ் நாட்டைத் திருத்தியிருக்கீங்க. நாலு தடவையும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எது டஸ் நாட்னு ஒரு தடவையாவது கேக்கணும்னு தோணலையா?"

சிவப்பு மை அந்த நான்கு வட்டங்களையும் பார்த்தார்.

மேலாளர் மூன்றாவது மெமோவை எடுத்துக் கிழிக்கப் போனார். இதோடு விடுங்கள் என்றார். இனி வாக்கியமே வேண்டாம், எல்லோருக்கும் கட்டம் போட்ட தாள் அச்சடித்துவிடலாம், டிக் அடித்தால் போதும், உங்களுக்கும் கஷ்டமில்லை என்றார். நானாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன்.

"கிழிக்காதீங்க, சார்," என்றார் குளிரக்கா. "டஸ் சரிதான். தப்பு என்னுது. அந்த மெமோ கோப்புல இருக்கட்டும். அதுக்குக் கீழ என் பதிலும் இருக்கட்டும். டிக்கு எனக்கு வேண்டாம். மூணு வாரமா அடுப்படியில உக்காந்து கத்துக்கிட்டிருக்கேன், இனிமே விடறதா இல்ல. நான் இங்கிலீஷ்லயே எழுதறேன். முடியாதவங்க தமிழ்ல எழுதட்டும், நீங்க மொழிபெயர்த்துக்கோங்க. அந்த மாதிரித் தாளை மட்டும் எடுத்துடுங்க. வட்டம் போடறவங்க முதல்ல உள்ள வந்து கையை வச்சுப் பார்க்கணும். கை முதல்ல, பேனா அப்புறம்."

இதில் எதையும் அவர் வேண்டுகோளாகச் சொல்லவில்லை. சாவி கைக்குள்தான் இருந்தது. மேலாளர் சரி என்றார். கடிதத்தைத் தன் இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

பதில் எழுத நான் ஒரு தாள் கொடுத்தேன். மேலாளரின் மேசை ஓரத்தில் நின்றபடியே, ஆங்கிலத்தில், மூன்று வரி எழுதினார். ஒவ்வொரு வினைச்சொல்லிலும் பேனா கொஞ்சம் நின்று நகர்ந்தது. 'தி கம்ப்ரஸர் டஸ் நாட் ரன். தி ஆபீஸர் டஸ் நாட் ரீட். ஐ டூ.' கம்ப்ரஸர் ஓடுவதில்லை. அதிகாரி படிப்பதில்லை. நான் படிக்கிறேன்.

மேலாளர் படித்துவிட்டு, தாளைச் சிவப்பு மையிடம் நகர்த்தி, ஏதாவது பிழை இருக்கிறதா என்று கேட்டார். சிவப்பு மை பேனாவைத் திறந்தார். இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார்.

"இலக்கணம் சரியா இருக்கு," என்றார்.

அந்தத் தாள் பணியாளர் கோப்பில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். முந்தின பக்கம் மெமோ.

மறுநாள் காலை எட்டரைக்குக் கம்ப்ரஸர் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. ஒன்பதே காலுக்கு மாட்டி முடித்தார்கள். மாதிரித் தாள்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. பத்து மணிக்குச் சற்று முன் சிவப்பு மை மூன்றாம் அறை வாசலில் வந்து நின்றார். இரண்டு மாதத்தில் அவர் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. மெல்லிய சட்டைதான் போட்டிருந்தார். குளிரக்கா தன் வெளி ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினார். "பொத்தான் முதுகுப் பக்கம் வரணும், சார்." அவர் அப்படியே போட்டுக்கொண்டார்.

கதவு ரப்பர், விசிறி, பிறகு பின்பக்கம். முதல் கம்ப்ரஸர் மேல் குளிரக்கா கை வைத்துப் பத்து எண்ணினார்; பிறகு அவர். இரண்டாவதன் மேல் குளிரக்கா, பிறகு அவர். அவர் ஏழிலேயே கையை எடுத்தார். இன்னும் மூணு இருக்கு என்றார் குளிரக்கா. மறுபடி வைத்தார்.

அதன் பிறகு குளிரக்கா பேனாவைத் திறந்தார். வெப்பநிலை நான்கு புள்ளி ஒன்று. பக்கத்துக் கட்டத்தில், மாதிரித் தாளின் முதல் வாக்கியத்தை அவர் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை: 'போத் கம்ப்ரஸர்ஸ் ரன்.'